ஏணியின் அடி



மேல்நிலை வகுப்பிலோ கல்லூரியின் முதலாண்டிலோ விசைகளைப் பற்றிப் பயின்றவர்கள் ஒரு கணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஏணி ஒன்று சுவரின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சுவர் வழவழப்பானது, தரை சொரசொரப்பானது. சாய்வுக் கோணம் இவ்வளவு, உராய்வுக் குணகம் இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, ஒரு மனிதனை அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஏணி நழுவத் தொடங்குமுன் அவன் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பது கேள்வி. மாணவன் விடையைக் கண்டுபிடித்து, அதன்கீழ் இரு கோடுகளை இழுத்து, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான். ஏறிய மனிதன் என்ன ஆனான் என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. அந்த மனிதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவன் கற்பனை மனிதன் அல்லன். உங்கள் தெருவில் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர் அவர்தாம். மழைக்காலம் வருமுன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெடிப்பை அடைக்கும் கொத்தனாரும், அவருக்குச் சாந்துச் சட்டியைத் தூக்கிக் கொடுக்கும் சித்தாளும், வாயில் விளக்கைப் பழுதுபார்க்கும் மின்பணியாளரும், விளம்பரப் பலகை எழுதுபவரும் அவர்தாம். கட்டடத் தொழில் என்றவுடன் இருபது மாடி உயரத்தில் தொங்குவோரைத்தான் நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இரண்டு ஆள் உயரத்தில், ஓர் ஏணியின் எட்டாம் படியில் நின்று உழைப்போர் அவர்களினும் மிகப் பலர். அங்கிருந்து விழுவோரும் மிகப் பலரே.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவற்றையெல்லாம் எண்ணிப் பதிவுசெய்கின்றார்கள். 2011-ஆம் ஆண்டில் வேலையின்போது ஏணியிலிருந்து விழுந்து அந்நாட்டில் இறந்தவர்கள் 113 பேர். மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 34,000 பேர். கட்டடத் தொழிலாளருள் உயரத்திலிருந்து விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 81 பேர் ஏணியோடு தொடர்புடையவர்களாக இருந்தார்கள். 2020-ஆம் ஆண்டில் ஏணியை முதற்காரணமாகக் கொண்டு பணியிடத்தில் நேர்ந்த இறப்புகள் 161. சட்டமும் கருவியும் பயிற்சியும் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை. நம் நாட்டிலோ, சிறு வீடுகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலையில் ஒருவர் விழுந்தால், அச்செய்தி பெரும்பாலும் அந்தத் தெருவைத் தாண்டுவதில்லை.

இனி நம் கணக்குக்கு வருவோம். தாளும் பென்சிலும் கையில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஏணி சுவரைத் தொடும் இடம் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஏறுபவரின் எடை 60 கிலோகிராம். ஏணியின் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டா. ஏணியின் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. அவர் உச்சிக்குப் போய்விட்டால், ஏணியின் அடியை வெளியே தள்ளும் கிடைவிசை எவ்வளவு? அடியை மையமாகக் கொண்டு திருப்புத்திறனைச் சமப்படுத்துங்கள். எடையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 15 கிலோகிராம் எடையளவு விசை கிடைக்கும். அவர் பாதி வழியில் நிற்கும்போது அதில் பாதி, ஏழரை. முதற்படியில் நிற்கும்போது அவ்விசை இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இதில்தான் மனிதர் ஏமாறும் சூட்சுமம் இருக்கிறது. ஏணியை வைத்தவர் என்ன செய்கிறார்? முதற்படியில் ஏறி நின்று இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். அசையவில்லை. 'நன்றாக நிற்கிறது' என்று மேலே போகிறார். முதற்படியில் நிற்கும்போது ஏணி தன் குணத்தைக் காட்டுவதே இல்லை. அவர் ஏற ஏற அடியைத் தள்ளும் விசை வளர்ந்துகொண்டே போகிறது. உராய்வு தாங்கக்கூடிய எல்லையை அது தாண்டுகின்ற கணம், அவர் மிக உயரத்தில் நிற்கும் கணமாகவே இருக்கும்.

தரையின் உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொண்டால், 60 கிலோகிராம் எடைக்குத் தரை தடுத்து நிறுத்தக்கூடிய விசை 24. அடி 1 மீட்டரில் இருந்தால், உச்சியிலும் 15 தான், ஏணி நிற்கும். அடியை 2 மீட்டருக்கு இழுத்துவிட்டால் உச்சியில் 30 ஆகிறது. அவர் ஐந்தில் நான்கு பங்கு உயரத்தை அடையும்போதே 24 வந்துவிடும். அங்கே ஏணி நழுவும். 3 மீட்டருக்கு இழுத்தால் உச்சியில் 45. பாதி வழியைச் சற்றே தாண்டியதும் நழுவும். இன்னொன்றையும் பாருங்கள். அடி சரியாக 1 மீட்டரில்தான் இருக்கிறது, ஆனால் தரையில் மணல் சிந்திக் கிடக்கிறது, அல்லது சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்திருக்கிறது. குணகம் 0.2 ஆகக் குறைந்துவிட்டது. இப்போது தடுக்கும் விசை 12 தான். சரியாக வைத்த ஏணியும் ஐந்தில் நான்கு பங்கு உயரத்தில் நழுவிவிடும்.

இக்கணக்கில் எடை எவ்வளவாயினும் விடை மாறாது என்பதைக் கூர்மையான மாணவர்கள் கண்டிருப்பீர்கள். எடை கூடினால் தள்ளும் விசையும் கூடும், தடுக்கும் விசையும் அதே அளவில் கூடும். ஆகவே 'நான் ஒல்லியான ஆள், ஏணி என்னைத் தாங்கும்' என்ற பேச்சு நழுவுதலைப் பொறுத்தவரையில் வெறும் பேச்சே.

நான்குக்கு ஒன்று என்னும் விகிதம் உலகெங்கும் ஏணிக்கு விதியாக ஏற்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். கோணமாகச் சொன்னால் ஏறத்தாழ 75 பாகை. இதனினும் செங்குத்தாக நிறுத்தினால் நழுவும் அச்சம் இன்னும் குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் வேறோர் அச்சம் வந்து சேரும். ஏறுபவரின் உடல் ஏணிக்கு வெளிப்புறத்தில் இருப்பதால், அவர் சற்றுப் பின்னே சாய்ந்தாலும் ஏணியே அவரோடு பின்புறம் கவிழ்ந்துவிடும். அடி நழுவாமலும் தலை கவிழாமலும் இருப்பதற்கு இடைப்பட்ட நிலையே அந்த 75 பாகை.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், 1980-களில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், சிறுவயது முதல் அதே தொழில், குடிப்பழக்கம் இல்லாதவர், வேலையில் நறுவிசானவர். நண்பகலுக்குச் சற்று முன் பெரும் ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஏணி தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதன்மேல் அவர் கிடக்கிறார். சுண்ணாம்பு வாளி கவிழ்ந்து தாழ்வாரம் முழுதும் வெள்ளை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளிப் பதிவேட்டில், 'வேலையாளின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது' என்று ஒரு வரி எழுதப்பட்டது. ஊரும் அப்படியே பேசியது. நேரம் சரியில்லை என்றார்கள் சிலர்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். சிமெண்டுத் தரையில் ஏணியின் இரு கால்களும் இழுத்துக்கொண்டு போன கோடுகள் தெளிவாக இருந்தன. அவை தொடங்கிய இடத்திலிருந்து சுவர்வரை அளந்தோம்: 6 அடி. சுவரில் ஏணியின் தலை உராய்ந்த வடு 11 அடி உயரத்தில் தொடங்கியது. நான்குக்கு ஒன்று என்னும் விதிப்படி அடி மூன்று அடிக்குள் இருந்திருக்க வேண்டும். இரு மடங்குக்கு மேல் தள்ளி இருந்தது. ஏன் அவ்வளவு தள்ளி வைத்தார்? மாணவன் ஒருவன்தான் காரணத்தைக் கண்டான். அந்த ஏணியின் நீளம் பன்னிரண்டரை அடி. தாழ்வாரத்தின் ஓட்டுச் சார்ப்பு பதினோரடிக்குச் சற்று மேலே இறங்கிவந்திருந்தது. சரியான சாய்வில் நிறுத்தினால் ஏணியின் தலை சார்ப்பின் கைமரத்தில் முட்டும். படுக்க வைத்தாலன்றி அந்த ஏணி அங்கே நிற்கவே முடியாது. உயரமான வகுப்பறைச் சுவருக்கென்று கொண்டுவந்த ஏணி ஒன்றைக் கொடுத்து, தாழ்வாரத்தையும் அதிலேயே முடிக்கும்படி சொல்லியிருந்தார்கள். வேறு ஏணி கிடையாது.

அவர் எந்தக் கணத்தில் கவனம் குறைந்தார்? விழுந்த கணத்தில் அவர் கையும் கண்ணும் சுவரிலேயே இருந்தன. விபத்து அவர் ஏறுமுன்பே, காலையில் ஏணியைத் தேர்ந்தெடுத்தபோதே முடிவாகிவிட்டது. தேர்ந்தெடுத்தவரோ அவர் அல்லர். ஆசிரியர்கள் தத்தமக்கு இயன்றதைத் தொகுத்துக் கொடுத்தோம். அவர் மறுபடியும் ஏணி ஏறவில்லை. நான் அப்பள்ளியை விட்டு மாற்றலாகிப் போகும்வரை, வாயிலுக்கு வெளியே சாக்கை விரித்து, நெல்லிக்காயும் வேர்க்கடலையும் விற்றுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் நல்லவர். பதிவேட்டில் அந்த வரியை எழுதியது கெட்ட எண்ணத்தால் அன்று. அதை அப்படித்தான் எழுதுவது என்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அவ்வளவுதான்.

கவனக்குறைவு என்ற சொல்லை நான் அடியோடு வெறுப்பவன் அல்லன். ஆனால் அச்சொல் வந்து உட்கார்ந்ததும் விசாரணை எழுந்து போய்விடுகிறது. கைக்கு எட்டாத இடத்தை எட்டிப் பூச முயன்று பக்கவாட்டில் கவிழ்வோரை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஏணியின் இரு பக்கக் கழிகளுக்கு இடையிலேயே இருக்க வேண்டும், அதற்கு வெளியே போனால் ஏணி சாயும் என்பது அத்தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் எட்டுகிறார்கள்? ஓரடி அப்பால் பூச வேண்டுமானால் இறங்க வேண்டும், ஏணியை நகர்த்த வேண்டும், மறுபடி ஏற வேண்டும். கூலி நாள் கணக்கில் இல்லாமல் சதுர அடிக் கணக்கில் இருக்கும்போது, ஒவ்வொரு முறை இறங்கி ஏறுவதும் அவர் கைக்காசு. மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்று மேஸ்திரி வேறு நிற்கிறார். அந்தக் கையை ஓரடி அப்பால் நீட்டச் செய்வது அவருடைய அசட்டை மட்டும்தானா என்று எண்ணிப் பாருங்கள்.

ஏணியின் அமைப்பிலும் அறிய வேண்டியவை உள்ளன. நம் நாட்டு மூங்கில் ஏணியில் குறுக்கே வரும் படிக்குப் பழு என்று பழைய பெயர் ஒன்று உண்டு. விலா எலும்புக்கும் பழு என்றே பெயர், பழுவெலும்பு என்பார்கள். பெயரிட்டவர் இரண்டையும் உற்றுப் பார்த்தே இட்டிருக்க வேண்டும்! ஏணியின் பழு ஒன்று முறிந்தால் மனிதனின் பழுவும் முறிவது அரிதன்று. மூங்கில் ஏணி வெயிலிலும் மழையிலும் கிடந்து உலர்ந்து வெடிக்கும். துளையில் செருகிய படிகள் தளர்ந்து சுழலும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறுமுன் ஒவ்வொரு படியையும் கையால் திருகிப் பார்க்க வேண்டும். மர ஏணிக்கு வண்ணம் பூசி அழகுபடுத்துவது தவறு. வண்ணம் வெடிப்பை மறைத்துவிடும். அதனால்தான் விதிகள் அதைத் தடுக்கின்றன. அலுமினிய ஏணி இலேசானது, உளுத்துப்போகாதது, ஆனால் மின்சாரத்தைக் கடத்துவது. மின்கம்பி அருகில் இருக்கும் இடத்தில் அதை நிமிர்த்துவதே ஆபத்து. மின்பணிக்கு உலர்ந்த மர ஏணியோ கண்ணாடியிழை ஏணியோதான் ஏற்றது.

ஏணியைக் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆயினும் அவர் வெற்றிலை வாங்கப் போய்விடலாம். மேலே இருப்பவர் விழுந்தால் முதலில் அவர் தலையிலேயே விழலாம். ஏணியின் தலையைக் கயிற்றால் ஓர் உறுதியான இடத்தில் கட்டுவதே காப்பு. கட்ட ஏறும் அந்த ஒரு முறைக்கு மட்டும் கீழே ஒருவர் பிடித்தால் போதும். கால்களின் அடியில் ரப்பர்ப் பாதம் இல்லையானால் பழைய டயர்த் துண்டை வெட்டி இறுக்கிக் கட்டுகிறார்களே, அது நல்ல பழக்கம். ஒரு கால் குட்டையாக இருக்கிறது என்று செங்கல்லை முட்டுக் கொடுப்பதும், உயரம் போதவில்லை என்று பீப்பாயின்மேல் ஏணியை ஏற்றுவதும் கொலைக்கு ஒப்பானவை. மொட்டைமாடிக்கு ஏறுவதானால் ஏணியின் தலை மாடி விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீண்டிருக்க வேண்டும். ஏணியை விட்டுத் தளத்தில் காலெடுத்து வைக்கும் அந்த ஓரடி, ஏறி வந்த பத்தடியினும் ஆபத்தானது. அப்போது பற்றிக்கொள்ள ஏதேனும் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகள் ஒரு கால், அல்லது இரு கால்கள் ஒரு கை என மூன்று உறுப்புகள் எப்போதும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாந்துச் சட்டியை ஒரு கையில் ஏந்தி ஏறும் சித்தாளால் இது இயலுமா? இயலாது. ஆகவே சட்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை வேலை தருபவர் செய்துகொடுக்க வேண்டும்.

'பத்தடிதானே' என்பது அடிக்கடி கேட்கும் சொல். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய முக்கால் வினாடிக்குச் சற்று மேல் ஆகும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். மிதிவண்டியை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய்ச் சுவரில் தலையை மோதுவதற்கு அது சமம். விழுகிறோம் என்று மூளை உணர்ந்து கையை அசைப்பதற்கே ஏறத்தாழ கால் வினாடி போய்விடும். அதற்குள் உடல் ஓரடி கீழே வந்து வேகம் பிடித்துவிடும். 'எதையாவது பற்றிக்கொண்டிருக்கலாமே' என்று பிறகு பேசுவோர் இந்தக் கால் வினாடியை அறியாதவர்கள். தலைக்கவசம், அதுவும் தாடைப்பட்டை கட்டிய தலைக்கவசம், இந்த உயரத்தில்தான் உயிரைக் காக்கும்.

விழுந்தவரிடத்தில் முதலில் ஓடிப்போகும் வாய்ப்பு உங்களைப் போன்ற இளைஞருக்கே மிகுதி. ஆகவே இதை நன்றாகக் கேளுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால், அதுவரை அறுபடாமல் இருந்த முதுகுத்தண்டு நரம்பு உங்கள் அன்பான கைகளாலேயே அறுபட்டுவிடக்கூடும். அவர் எப்படிக் கிடக்கிறாரோ அப்படியே இருக்கட்டும். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். தூக்கியே ஆகவேண்டும் என்ற நெருக்கடியில், நாலைந்து பேர் ஒரே சமயத்தில், தலை முதல் கால் வரை ஒரே கோட்டில் இருக்கும்படி தூக்கிக் கதவுப் பலகை போன்ற ஒன்றின்மேல் கிடத்த வேண்டும். தலையில் அடிபட்டவர் எழுந்து, 'ஒன்றும் இல்லை' என்று சிரித்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தலைவலியும் வாந்தியும் மயக்கமும் சில மணி நேரம் கழித்து வருவதுண்டு.

முதுகுத்தண்டு முறிந்த பிறகும் வாழ்வு உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே பெரும் சான்று இருக்கிறது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் சாலை விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர் முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று தோன்றியது. அப்படிப்பட்ட இடங்களுக்குச் சென்று பாருங்கள். ஏணியிலிருந்தும் சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்தவர்கள் மீண்டும் உட்காரவும், உடுக்கவும், ஒரு தொழில் செய்யவும் கற்றுக்கொள்வதைக் காணலாம். அங்கே சேர்ந்தவர்கள் பேறு பெற்றவர்கள். எஞ்சியவர்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1937-ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கட்டட வேலையின் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையை வகுத்தது. நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டில் கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் ஏணிகளுக்கென்றே ஒரு பகுதி வைத்தார்கள். இந்தியத் தர நிறுவனமும் ஏணிகளைப் பற்றித் தனியாகப் பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டுள்ளது. அந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பிறகு 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் சேர்க்கப்பட்டது. எல்லாம் நன்றே. ஆனால் 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்கே அந்தச் சட்டம் பொருந்துவதாக 1996-இலேயே எல்லை கட்டினார்கள். புதிய தொகுப்பிலும் பத்து என்னும் எண் நிலைத்துவிட்டது. ஏணியும் வாளியுமாக இருவர் வந்து வெள்ளையடிக்கும் வீடு அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. விழுவோர் மிகுதியாக இருக்கும் இடமோ அதுதான். சட்டம் வகுப்பவர்கள் இதை ஒருநாள் சரிசெய்வார்கள் என்று நம்புகிறேன். உங்களுள் சிலரே அவ்விடத்தில் அமர்ந்து செய்யவும் கூடும்.

இழப்பீட்டைப் பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையாள் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக இழப்பீட்டை மறுக்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. குடித்திருந்தார், வெளிப்படையாகக் கொடுத்த பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினார், காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்பவையே விலக்குகள். இறப்போ நிரந்தரமான முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அவ்விலக்குகளும் செல்லா. இதே கருத்து 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. நூறாண்டுக்கு முன் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த தெளிவு நம் ஊர்ப் பேச்சில் இல்லை. 'அவன் கவனமாக இல்லை, நாம் என்ன செய்வது' என்ற ஒரு வாக்கியத்துக்கு அஞ்சி, உரிமையைக் கேளாமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதில் பெயர் பதிந்தவருக்கு விபத்து உதவி உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் கொத்தனாரும் சித்தாளும் பதிந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை அது.

இங்கிலாந்து நாட்டில் 2005-ஆம் ஆண்டில் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஏணியை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்கின்றன. இந்த வேலைக்கு ஏணிதான் வேண்டுமா? சிறிது நேரத்தில் முடியக்கூடிய, ஆபத்துக் குறைந்த வேலைக்கே ஏணி. மற்றவற்றுக்குச் சாரமோ மேடையோ போட வேண்டும் என்பது அதன் கருத்து. ஏணி ஏறுவதற்கு உரிய பொருள். நாள் முழுதும் நின்று வேலை செய்வதற்கு உரிய இடம் அன்று. நம் ஊரில் சவுக்குக் கழியால் சாரம் கட்டுவோரின் கைத்திறனுக்குக் குறைவில்லை. சாரத்துக்கு ஆகும் செலவை மிச்சம்பிடிக்கத்தான் ஏணியை நீட்டுகிறோம். வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரிடம் பேரம் பேசுகையில் முதலில் வெட்டப்படுவது சாரக் கூலியே. பேரம் பேசுபவர் உங்கள் தந்தையாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ விடுதியிலோ ஏணி வைக்கப்படும்போது அருகில் சென்று பாருங்கள். அளவுகோல் வேண்டா. ஏணியின் இரு கால்களையும் உங்கள் கால்விரல்கள் தொடும்படி நேராக நில்லுங்கள். இரு கைகளையும் தோள் மட்டத்தில் முன்னே நீட்டுங்கள். உள்ளங்கை எதிரே உள்ள படியில் பொருந்தினால் சாய்வு ஏறத்தாழச் சரி. எட்டாமல் போனால் ஏணி மிகவும் படுத்திருக்கிறது. கை மடங்கினால் மிகவும் நிமிர்ந்திருக்கிறது. கைப்பேசி வைத்திருப்போருக்கு, ஏணியின் பக்கக் கழியில் வைத்தால் சாய்வைக் காட்டும் செயலிகளும் உண்டு. அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் அத்தகைய ஒன்றை 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

கணித மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாம் போட்ட கணக்கில் ஏணியின் எடையை விட்டுவிட்டோம். 12 கிலோகிராம் எடையுள்ள சீரான ஏணி என்று கொண்டு, அதன் அடி 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தள்ளி இருக்கும் மூன்று நிலைகளுக்கும், 0.4 குணகத்தில் அவர் எத்தனை மீட்டர் உயரத்தில் விழுவார் என்று கண்டுபிடியுங்கள். பிறகு, விடையின்கீழ் கோடிடுமுன், அதே ஏணியின் தலையைக் கயிற்றால் கட்டிவிட்டு அக்கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.